தில்லியைக் காரில் சுற்றிப் பார்க்க: ஊரிலிருந்து முதல் முறை வருபவர்களுக்கு

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு தில்லிக்கு வருகிறவர்கள் என்னைப் போன்ற தில்லித் தமிழர்களிடம் முதலில் கேட்பது, "மெட்ரோவே போதுமா, கார் வைக்கணுமா?" என்றுதான். வருகிறவர்கள் எல்லாரும் நன்றாக நடக்கக்கூடியவர்கள் என்றால் மெட்ரோ போதும். அறுபதைத் தாண்டியவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால், ஒரு நாளாவது ஓட்டுநரோடு கார் எடுங்கள். இந்த ஊரின் பழைய கட்டடங்கள் மதுரை போல ஒரு கோயிலைச் சுற்றி அமைந்தவை அல்ல. ஒவ்வொரு அரச வம்சமும் தனக்கென்று ஓர் இடத்தில் நகரம் எழுப்பியது. குதுப் மினார் தெற்குக் கோடியில் மெஹ்ரோலியில் இருக்கிறது. செங்கோட்டை வடக்கே, யமுனைப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

கார் எடுப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இடங்களின் பட்டியலில். வாடகை கொடுக்கிறோமே என்று ஒரே நாளில் எட்டு, பத்து இடம் எழுதிக்கொண்டு வருவார்கள். ஐந்தாவது இடத்தில் அம்மா, "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவார். அவருக்காகத்தான் வண்டியே பேசினோம். அதனால் ஒரு நாளுக்கு நாலு இடம் போதும். இரண்டு இடங்களுக்கு நடுவே அவர்கள் காலை நீட்டி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் கண் அயர வண்டி உதவ வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

நாள் பார்ப்பது

திங்கட்கிழமையைத் தவிருங்கள். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், காந்திஜி கடைசி நாட்களில் தங்கியிருந்து சுடப்பட்ட காந்தி ஸ்மிருதி, எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. வேறு நாளே இல்லை என்றால் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம் மூன்றும் திங்களன்றும் திறந்திருக்கும். கரோல்பாக் கடைத்தெருவுக்குத் திங்கள் விடுமுறை. சாந்தினி சௌக்கில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

மாதம் என்றால் அக்டோபர் பாதியிலிருந்து மார்ச் வரை. அதிலும் பிப்ரவரியும் மார்ச் தொடக்கமும்தான் எனக்குப் பிடித்த நாட்கள். வெயில் இதமாக இருக்கும், தெருவோரமெல்லாம் பூ. நவம்பரில் காற்று மோசமாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதம் வர வேண்டாம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காலையில் பனிமூட்டம். ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் வந்து இறங்கும் அன்றே சுற்ற வண்டி பேசாதீர்கள். ஜனவரி 26-க்கு முந்தைய நாட்களில் அணிவகுப்பு ஒத்திகைக்காக இந்தியா கேட் பக்கம் சாலைகளை அடிக்கடி அடைப்பார்கள். ஆகஸ்ட் 15-க்கு முன்பு செங்கோட்டைக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. மே, ஜூனில் பள்ளி விடுமுறை என்பதால் நம் ஊர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். அப்போது வெயில் 45 டிகிரியைத் தொடும். அந்த மாதங்களில் வந்தே ஆக வேண்டுமென்றால் காலை 7 முதல் 11 வரை ஒரு சுற்று, மாலை 5-க்கு மேல் இன்னொரு சுற்று. நடுவில் அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

வண்டி பேசுவது

மூன்று வழிகள் இருக்கின்றன. செயலி வழியாக மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். தங்கும் விடுதியில் ஏற்பாடு செய்யச் சொல்லலாம். மூன்றாவது, காலனிக்குக் காலனி இருக்கும் டாக்சி ஸ்டாண்ட். வேப்ப மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு தகரக் கொட்டகை, அருகில் நாலைந்து வண்டிகள் நிற்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். தில்லியில் உறவினர் வீட்டில் தங்குகிறீர்கள் என்றால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். அந்தக் காலனிக்கே வருடக்கணக்காக வண்டி ஓட்டுகிறவர்கள் அவர்கள். ஏதாவது சிக்கல் என்றால் மறுநாள் உறவினர் போய் நேரில் கேட்கலாம்.

ஸ்டாண்டிலும் விடுதியிலும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்: "எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர்." இதில் எது தாண்டினாலும் கூடுதல் பணம். தில்லிக்குள் சுற்றும்போது 80 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. 8 மணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அதனால் கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவதைவிட, கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதில் கறாராக இருங்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியது, கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று. பலர் 'கேரேஜ் டு கேரேஜ்' என்பார்கள். வண்டி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும் நேரத்திலிருந்து திரும்பிப் போய்ச் சேரும் வரை உங்கள் கணக்கு. நீங்கள் துவாரகாவில் தங்கி, வண்டி மயூர் விஹாரிலிருந்து வந்தால், போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். தங்கும் இடத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் பேசச் சொல்வது இதனால்தான்.

பார்க்கிங் கட்டணம் யாருடையது, இரவு எத்தனை மணிக்கு மேல் நைட் சார்ஜ், நொய்டாவுக்கோ குருகிராமுக்கோ போனால் எல்லையில் கட்டும் வரியும் டோலும் யார் கணக்கு, இவற்றையும் கேட்டுவிடுங்கள். நொய்டா உத்தரப் பிரதேசம், குருகிராம் ஹரியானா. பார்ப்பதற்கு ஒரே ஊர் போலத் தெரிந்தாலும் வண்டிக்கு அது வெளி மாநிலம். பேசி முடித்ததை வாட்ஸாப்பில் ஒரே செய்தியாக அனுப்பி, "டீக் ஹை", அதாவது சரி, என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் ஓட்டுநர் கிடைப்பது கடினம். ஹிந்தி தெரியாது என்றால் இந்த ஒரு பேச்சை மட்டும் தில்லியில் இருக்கும் நண்பரையோ உறவினரையோ போனில் பேசச் சொல்லுங்கள்.

எந்த வண்டி? நாலு பேர் வரை டிசையர் மாதிரி சின்ன கார் போதும். ஐந்து பேர் ஆனால் எர்டிகா அல்லது இன்னோவா. "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்று நெருக்கி உட்கார்ந்தால் முதுகு வலியில் பாதி ஊர் பார்க்க முடியாது. தில்லியில் டாக்சிகள் பெரும்பாலும் சி.என்.ஜி. எரிவாயுவில் ஓடுபவை. சிலிண்டர் டிக்கிக்குள் படுத்திருக்கும். மீதி இடத்தில் இரண்டு சின்னப் பெட்டி வைத்தாலே அதிகம். ரயிலிலிருந்து இறங்கி நேராகச் சுற்றக் கிளம்புவதாக இருந்தால் இதை மறக்காதீர்கள். மேலே கேரியர் உள்ள வண்டியாகக் கேளுங்கள், அல்லது பெட்டிகளை அறையில் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். எரிவாயு நிரப்பும்போது எல்லாரும் வண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும், வரிசையும் நீளமாக இருக்கும். "காலையிலேயே ரொப்பிக்கொண்டு வாருங்கள்" என்று முந்தைய இரவே சொல்லிவிட்டால் அந்த அரை மணி மிச்சம். குளிர்காலத்தில் சி.என்.ஜி. வண்டியால் ஒரு நன்மையும் உண்டு: காற்று கெடும் நாட்களில் பழைய டீசல் வண்டிகளை ஓடக் கூடாது என்று நிறுத்துவார்கள்; சி.என்.ஜி.க்கு அந்தத் தடை கிடையாது.

வண்டி வாசலுக்கு வந்ததும்

நம்பர் பிளேட் மஞ்சளாக, எழுத்து கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் வாடகை வண்டி. வெள்ளை பிளேட் சொந்த வண்டி. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. வழியில் போலீஸ் நிறுத்தினால் உங்கள் நாள்தான் வீணாகும். பிளேட்டை ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஸ்பீடோமீட்டரில் கிலோமீட்டர் எண்ணையும் மணியையும் ஓட்டுநர் பார்க்கவே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் வாக்குவாதம் வராது. பின் சீட்டிலும் பெல்ட் போடுவது கட்டாயம். சீட் உறைக்கு அடியில் கொக்கி புதைந்து கிடந்தால், எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஏறுங்கள். ஏசி ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டுநரை "பையா" என்று கூப்பிடலாம். வயதானவர் என்றால் "அங்கிள்ஜி", சீக்கியர் என்றால் "சர்தார்ஜி". ஒரு "ஜி" சேர்த்தால் எந்தப் பேச்சும் சுமுகமாகப் போகும். இந்த நாலு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "யஹீங் ரோக் தீஜியே" என்றால் இங்கேயே நிறுத்துங்கள். "ஏசி தோடா கம் கீஜியே" என்றால் ஏசியைக் கொஞ்சம் குறையுங்கள். "ஆப் கஹாங் கடே ஹைங்?" என்றால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? நாலாவது, "துகான் நஹீங் ஜானா", கடைக்குப் போக வேண்டாம். இந்தக் கடைசி வாக்கியம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வழி: தெற்கில் தொடங்கி வடக்கே

காலையில் முதலில் குதுப் மினார். 8 மணிக்குள் போய்விடுங்கள்; பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துகள் வருவதற்குள் பாதி பார்த்துவிடலாம். டிக்கெட் கவுன்டர் வரிசையில் நிற்க வேண்டாம், வாசலில் உள்ள கியூ.ஆர். குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து வாங்கலாம்; விலையும் கொஞ்சம் குறைவு. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் அவருக்குக் கட்டணம் பல மடங்கு. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு நுழைவாயிலில் சக்கர நாற்காலி கேளுங்கள்.

குதுப்பில் எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து, இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 73 மீட்டர். குத்புதீன் ஐபக் தொடங்கினார், மருமகன் இல்துத்மிஷ் மேலே எழுப்பினார். அடியில் நின்று சுவரின் மடிப்புகளைப் பாருங்கள். முதல் அடுக்கில் ஒரு மடிப்பு உருண்டையாகவும் அடுத்தது கூராகவும் மாறி மாறி வரும். இரண்டாவது அடுக்கில் எல்லாம் உருண்டை. மூன்றாவதில் எல்லாம் கூர். அதற்கு மேல் மடிப்பே இல்லாமல் வெள்ளைப் பளிங்கு கலந்திருக்கும். 14-ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து சேதமானபின் பிரோஸ் ஷா துக்ளக் திருத்திக் கட்டிய பகுதி அது. குழந்தைகளிடம் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அவர்களே உங்களுக்குக் காட்டுவார்கள். உள்ளே ஏற முடியாது. 1981-ல் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் இறந்ததிலிருந்து மூடியே இருக்கிறது.

பக்கத்திலுள்ள மசூதி முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் 1,600 ஆண்டு பழையது. குப்த அரசன் இரண்டாம் சந்திரகுப்தனைப் போற்றும் கல்வெட்டு அதில் இருக்கிறது. 7 மீட்டருக்கு மேல் உயரம், எடை 6 டன்னுக்கு மேல். மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப்பிடிக்காததற்குக் காரணத்தை ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்தார். இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி இரும்பைக் காக்கிறது. மசூதியின் தூண்களையும் விட்டுவிடாதீர்கள். இடித்த கோயில்களின் தூண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் மணியும் சங்கிலியும் செதுக்கிய கற்களைப் பல இடங்களில் காணலாம். நம் ஊர்க் கோயில் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும்.

தெற்குப் பக்கத்தில் அலாய் தர்வாஸா என்ற சிவப்புக் கல் வாயில் இருக்கிறது. அலாவுதீன் கில்ஜி 1311-ல் கட்டியது. அதே 1311-ல்தான் அவருடைய தளபதி மாலிக் கபூர் படையோடு மதுரை வரை வந்தார். மதுரைக்காரர் யாராவது கூட வந்தால் இந்த வாயிலடியில் நின்று இதைச் சொல்லுங்கள். அதுவரை கல்லாகத் தெரிந்த கட்டடத்தை நின்று பார்ப்பார்.

குதுப்பிலிருந்து அரவிந்தோ மார்க் வழியாக நேராக வடக்கே வரலாம். ஐ.ஐ.டி., எய்ம்ஸ், ஐ.என்.ஏ. மார்க்கெட்டைக் கடந்து போகும் சாலை. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க தில்லித் தமிழர்கள் போகும் சந்தை அந்த ஐ.என்.ஏ. மார்க்கெட்தான். அரவிந்தோ மார்க் முடியும் இடத்தில் 1754-ஐச் சேர்ந்த சஃப்தர்ஜங் கல்லறை. வண்டியை நிறுத்தாமல் வாசல் வழியாக ஒரு பார்வை போதும், மாலையில் ஹுமாயூன் கல்லறையைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும்.

அடுத்து லோதி தோட்டம். அனுமதி இலவசம். 15, 16-ஆம் நூற்றாண்டு சுல்தான்களின் கல்லறைகள் புல்வெளிக்கு நடுவே நிற்கின்றன. பெரியவர்கள் மர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த முறுக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். முடிந்தவர்கள் மட்டும் முகமது ஷா கல்லறையையும் பாரா கும்பதையும் சுற்றிவிட்டு வாருங்கள். இந்த ஓய்வு மணியை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு இந்தியா கேட் அருகில் அசோகா சாலையிலுள்ள ஆந்திர பவன் கேன்டீன் என் முதல் தேர்வு. சோறு, பருப்பு, ரசம், தயிர் என்று வேண்டிய மட்டும் பரிமாறுவார்கள். ஞாயிறன்று கூட்டம் தாங்காது. அன்று கன்னாட் பிளேஸிலுள்ள சரவண பவனுக்குப் போகலாம். தயிர் சாதம் இல்லாமல் அப்பாவுக்கு நாள் ஓடாது என்றால் இரண்டிலும் பிரச்சினை இல்லை.

மூன்றரை மணிக்கு ஹுமாயூன் கல்லறை. சாயும் வெயிலில் அந்தச் சிவப்புக் கல்லைப் பார்க்க வேண்டும், அதனால்தான் இதை மாலைக்கு வைத்தேன். நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கான் கல்லறை, 1547-ல் கட்டியது. பெரியதைவிட இருபது ஆண்டுக்கு மேல் மூத்தது. எட்டுப் பட்டை, தாழ்வான விதானம், நீல ஓட்டின் மிச்சங்கள். பலர் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போனால், நேர் எதிரே இருக்கும் பெரிய கட்டடம் எவ்வளவு பெரிய தாவல் என்பது விளங்கும். நாலாகப் பிரித்த தோட்டம், நடுவில் மேடை, மேலே வெள்ளை விதானம். தாஜ் மகாலுக்கு முன்னோடி இதுதான். கணவருக்காக எழுப்பியவர் பேகா பேகம். கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஸஃபர் 1857-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இங்கேதான். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, ஒவ்வொன்றும் உயரம். முட்டி வலி உள்ளவர்களை ஏற்ற வேண்டாம். கீழே நீர்க்கால்வாய் ஓரம் உட்கார்ந்து பார்த்தாலும் கட்டடம் முழுசாகத் தெரியும்.

வெளிச்சம் போனதும் இந்தியா கேட்டும் தேசியப் போர் நினைவகமும். விளக்கு போட்ட நேரத்தில் நன்றாக இருக்கும். பக்கத்து மண்டபத்தில் 2022 முதல் நேதாஜியின் கறுப்புக் கருங்கல் சிலை நிற்கிறது. இவ்வளவுதான் ஒரு நாள். தாமரைக் கோயில் எங்கே, ஜந்தர் மந்தர் எங்கே என்று யாராவது கேட்பார்கள். இரண்டாவது நாள் இருந்தால் பாருங்கள்.

இறங்கும் இடமும் ஏறும் இடமும்

புதிதாக வருபவர்களுக்கு மிகப் பெரிய தலைவலி இதுதான். நினைவுச் சின்னங்களின் வாசலில் வண்டி நிற்க விடமாட்டார்கள். இறக்கிவிட்டு ஓட்டுநர் பார்க்கிங்குக்குப் போய்விடுவார். திரும்பி வந்து "வெளியே நிக்கிறோம்" என்று சொன்னால் அவருக்கு எந்த வெளி என்று தெரியாது. இறங்கும்போதே கையால் ஒரு மரத்தையோ கடையையோ காட்டி, "வாப்பஸ் யஹீங்", திரும்பி இங்கேயே, என்று பேசிக்கொள்ளுங்கள். புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பு போன் செய்தால் நீங்கள் வாசலுக்கு வரும்போது வண்டியும் வரும். வண்டி வந்ததும் சட்டென்று ஏற வேண்டும், அதனால் பெரியவர்களை முன்கூட்டியே சாலை ஓரத்துக்குக் கூட்டி வந்துவிடுங்கள். இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள வட்டச் சாலையில் ஒரு நிமிடம் கூட நிறுத்த முடியாது. கர்தவ்ய பத் அருகிலுள்ள பார்க்கிங்கில்தான் ஏற வேண்டும். பார்க்கிங்கில் கொடுக்கும் பர்ச்சி, அதாவது ரசீதுச் சீட்டை ஓட்டுநரிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் மாலைக் கணக்குக்கு உதவும்.

அக்ஷர்தாமுக்குப் போகிறவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும். போன், கேமரா, பை எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியே இல்லை. ஓட்டுநர் எண்ணையும் வண்டி எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வையுங்கள். சந்திக்கும் மணியையும் முடிவு செய்துவிட்டு உள்ளே போங்கள். அதற்கு அரை நாள் போய்விடும், வேறு எதோடும் சேர்க்காதீர்கள்.

பழைய தில்லிக்குக் கார் வேண்டாம்

செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை போகும் சாந்தினி சௌக் முதன்மைச் சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், சைக்கிள் ரிக்ஷாவில் போகலாம். வாடகைக் காரைக் கோட்டை வாசல் நெரிசலில் காக்க வைத்தால் மணிக் கணக்கு ஏறுவதுதான் மிச்சம். பழைய தில்லியைத் தனி நாளாக வைத்து மெட்ரோவில் போங்கள். வயலட் பாதையில் லால் கிலா (செங்கோட்டை) நிலையம் கோட்டை வாசலருகே, ஜாமா மசூதி நிலையம் மசூதியருகே.

செங்கோட்டையை ஷாஜகான் 1639-ல் தொடங்கி 1648-ல் முடித்தார். லாகூர் வாயிலில் நுழைந்தால் கூரை போட்ட சத்தா சௌக் கடைத்தெரு, அதைத் தாண்டி திவானே ஆம், திவானே காஸ் என்ற தர்பார் மண்டபங்கள். மயிலாசனம் இருந்த இடம் திவானே காஸ். 1739-ல் நாதிர் ஷா கொள்ளையடித்துக்கொண்டு போனார். 1945-46-ல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது விசாரணை நடந்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். அந்தப் படையில் மலேயாவிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். கூண்டில் நின்ற மூவரில் ஒருவர் பிரேம் சைகல்; ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய சென்னையின் கேப்டன் லட்சுமி பின்னாளில் அவரை மணந்துகொண்டார். கோட்டைக்குள் நேதாஜி அருங்காட்சியகம் இருக்கிறது; எது விட்டாலும் இதை விட வேண்டாம்.

கோட்டைக்குள் நடை அதிகம். பெரியவர்கள் அதிலேயே களைத்துவிட்டால் ரிக்ஷாவில் சாந்தினி சௌக்கில் ஒரு சுற்று, சீஸ் கஞ்ச் குருத்வாராவில் சிறிது நேரம் உட்கார்வது, அவ்வளவு போதும். குரு தேக் பகதூர் 1675-ல் உயிர்த்தியாகம் செய்த இடம் அது. தலையை மூட வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். ரிக்ஷாக் கூலியை ஆளுக்கா, வண்டிக்கா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஜாமா மசூதியில் தொழுகை நேரத்தில் சுற்றுலா வருபவர்களை அனுமதிப்பதில்லை. வெள்ளி மதியம் போகாதீர்கள்.

கடைக்குக் கூட்டிப் போகும் வழக்கம்

"அஞ்சே நிமிடம், பார்த்துவிட்டு வாருங்கள், வாங்க வேண்டாம்" என்று சொல்லி ஒரு பெரிய எம்போரியத்தின் முன் வண்டி நிற்கும். நீங்கள் உள்ளே நுழைந்தாலே ஓட்டுநருக்கு ஒரு தொகை, வாங்கினால் கமிஷன். அந்தக் கமிஷன் உங்கள் பட்டுப் புடவை விலையில் ஏறியிருக்கும். மேலே சொன்ன நாலாவது வாக்கியம் இதற்குத்தான்; காலையில் கிளம்பும்போதே சொல்லிவிட்டால் நாள் முழுக்க முகச்சுளிப்பு இல்லாமல் போகும். கைவினைப் பொருள் வாங்க ஆசை என்றால் பாபா கரக் சிங் மார்க்கில் மாநில அரசுகளின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. விலை எழுதியிருக்கும். நம் பூம்புகாரும் அங்கே உண்டு என்றாலும் காஷ்மீர், அசாம் கடைகளுக்குள் போங்கள், பூம்புகார் ஊரிலேயே இருக்கிறது.

புது தில்லி ரயில் நிலையத்திலும் கன்னாட் பிளேஸிலும் "இன்றைக்கு லால் கிலா மூடல்", "அரசு டூரிஸ்ட் ஆபீஸ் இந்தப் பக்கம்" என்று இனிமையாகப் பேசி வருபவர்களோடு போகாதீர்கள். மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத் 88-ஆம் எண்ணில் இருக்கிறது. ஓட்டுநரே வழிகாட்டியாகவும் உள்ளே வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வழிகாட்டி தேவை என்றால் சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை மாட்டியவரை வாசலில் அமர்த்தி, எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள்.

மலை மந்திர்

பக்தி உள்ள குடும்பம் என்றால் காலையில் குதுப்புக்கு முன்பே ஆர்.கே. புரத்தில் உத்தர சுவாமிமலை கோயிலுக்குப் போய்விடலாம். இங்கே எல்லாருக்கும் அது மலை மந்திர். 1973-ல் கும்பாபிஷேகம் நடந்த, குன்றின் மேல் கருங்கல்லில் எழுப்பிய முருகன் கோயில். "யாமிருக்க பயமேன்" என்ற எழுத்து தூரத்திலிருந்தே தெரியும். தில்லியில் ஹிந்தி தெரியாமல் திண்டாடும் அம்மாக்கள் இங்கே வந்ததும் வாய் நிறையப் பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலோ மாலையிலோ போங்கள். பக்கத்து செக்டரிலேயே 1946-ல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, வாசலில் திருவள்ளுவர் நிற்கிறார்.

ஓட்டுநர்

நாள் முழுக்கக் கூட வருகிறவர் உத்தரப் பிரதேசத்துக்காரராகவோ பிஹார்க்காரராகவோ இருப்பார். காலை ஐந்து மணிக்கு எழுந்து வண்டி கழுவிவிட்டு வந்திருப்பார். சாப்பிடும் இடத்தில் அவரையும் கூப்பிடுங்கள். வர மறுத்தால் சாப்பாட்டுப் பணத்தைக் கையில் கொடுத்து, "கானா கா லீஜியே", சாப்பிட்டுவிடுங்கள், என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு மணி நேரம் அவருக்கு வேண்டும். மதியம் ஓய்வு எடுத்த ஓட்டுநர் மாலை நெரிசலில் நிதானமாக ஓட்டுவார். வேகமாகப் போகச் சொல்லாதீர்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் "ஆராம் ஸே" என்று சொன்னால் போதும், குறைத்துவிடுவார்.

கணக்கு முடிப்பது

காலையில் எடுத்த படத்தையும் இப்போதைய கிலோமீட்டரையும் பக்கத்தில் வைத்து, பார்க்கிங் சீட்டுகளைக் கூட்டி, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கணக்கு போடுங்கள். பெட்டிகளைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டுப் பேசாதீர்கள். ஸ்டாண்ட் முதலாளிக்குச் சேர வேண்டியது தனி, ஓட்டுநருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு தனி. யு.பி.ஐ.யில் முதலாளிக்கு அனுப்பினாலும் அன்பளிப்பை ரொக்கமாக ஓட்டுநர் கையில் கொடுங்கள். நல்ல மனிதர் என்றால் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை நேராக அவரையே கேட்டு வாங்கலாம்.

ஆக்ராவுக்கும் இதே வண்டியில் போக நினைத்தால் அது தனிக் கணக்கு. உத்தரப் பிரதேச வரியும் யமுனா விரைவுச் சாலை டோலும் உண்டு. தாஜ் மகாலுக்கு வெள்ளி விடுமுறை. அன்றிரவே ஊருக்கு ரயில் என்றால், எந்த நிலையம் என்று டிக்கெட்டைப் பார்த்து ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியிலிருந்து கிளம்பும், திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து. புது தில்லி நிலையத்துக்குப் பஹாட்கஞ்ச், அஜ்மேரி கேட் என்று இரண்டு பக்கம் வாசல். பஹாட்கஞ்ச் பக்கம் ஒன்றாம் பிளாட்பாரம், அஜ்மேரி கேட் பக்கம் பதினாறாம் பிளாட்பாரம். தவறான பக்கம் இறங்கினால் பெட்டியோடு நீண்ட மேம்பாலத்தைக் கடக்க வேண்டிவரும், அதனால் பிளாட்பார எண்ணைப் பார்த்துவிட்டு எந்த வாசல் என்று சொல்லுங்கள்.